ஏடு பெயர்த்தலும் ஏடு படைத்தலும்: செயற்கை மரபணுத்தொகுதியின் வரலாறு

செயற்கை உயிர் என்றவுடன் பலர்க்கும் 2010ஆம் ஆண்டே நினைவுக்கு வருகின்றது. நாம் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே தொடங்குதல் தகும். பஞ்சாபின் ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் 1922இல் பிறந்தவர் ஹர் கோவிந்த் குரானா. தந்தையார் கிராமக் கணக்கர். மகனார் கற்ற முதற் பள்ளி ஒரு மரத்தடி. (ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் கூறாது விடலாகாது.) மரபுக்குறியீட்டு ஆய்வுக்காக 1968இல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்ட அவர், 1970இல் ஈஸ்ட்டின் மரபணு ஒன்றினை, 77 கார இணைகள் கொண்டதனை, வேதிப்பொருள்களிலிருந்தே தம் குழுவினருடன் கோத்து முடித்தார். உயிரணுவினுள் இயங்கிய செயற்கை மரபணுவோ 1976இல்தான் கைகூடியது.

அதன்பின் நீளம் பெருகிற்று. 2003இல் கிரெய்க் வென்டர் குழுவினர் 5,386 எழுத்துகளையுடைய நுண்ணுயிர்த்தின்னி வைரஸ் ஒன்றினை இரு வாரங்களில் உருவாக்கினர். 2010 மே மாதத்தில், ஆட்டைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியின் ஏறத்தாழ 10.8 இலட்சம் இணைகளை, சிறு துண்டுகளாகச் செய்து, ஈஸ்ட்டினுள் இணைத்து, உறவான வேறோர் இனத்தின் உயிரணுவினுள் புகுத்தினர். அவ்வுயிரணு புதிய ஏட்டின்படியே பெருகியது.

அதற்குமுன் நேர்ந்த தடங்கல் தமிழ் பயில்வோர்க்கு நன்கு விளங்கும். இன்றியமையாத மரபணு ஒன்றில் ஓரெழுத்து விடுபட்டிருந்தது; பல வாரப் பணி நின்றுபோனது. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத ஓலைச்சுவடிகளோடு உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டினை நாம் அறிவோம். ஆங்கே பிழை பொருளைக் கெடுத்தது. ஈங்கே உயிர்ப்பையே தடுத்தது. ஏடெழுதியோர் இறுதியில் தம் பெயர் பொறிப்பதுபோல் இவ்வாய்வாளரும் தம் பெயர்களைக் குறியீடாக்கி அத்தொகுதியினுள் எழுதிவைத்தனர்.

ஆயின் ‘உயிரைப் படைத்தனர்’ எனப் பாடநூலில் எழுதுதல் பொருந்துமா? பொருந்தாது என்பதே நம் கருத்து. ஏடு பெரும்பாலும் இயற்கையைப் பார்த்துப் பெயர்த்தது. அதனைப் படித்துச் செயற்படுத்திய உயிரணுவோ இரவல். 2016இல் அதே குழுவினர் 473 மரபணுக்களாகச் சுருக்கிய உயிரியிலும், மூன்றிலொரு பங்கு மரபணுக்களின் பணி அப்போது விளங்கவில்லை. எழுத வல்லவர்க்கும் பொருள் முழுதும் தெரியாத நூல் அது! ‘மரபணுத்தொகுதியைத் தொகுத்தமைத்தனர்’ என்பதே நேரிய தொடர்.

இது தொலைநாட்டுச் செய்தியன்று. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் பால்மரத்தின் மரபணுத்தொகுதியைப் படித்தமையை 2009இல் அறிவித்தனர். அதன் முன்வரைவு 2013இல் வெளியாயிற்று. நம் முன்னோர் இருள் பிரியுமுன் எழுந்து வெட்டிய அதே மரம். படிக்கப்பட்ட ஏட்டினைப் பிறிதோர் உயிரில் பெயர்த்தெழுதல் இயலும்: மலேரியா மருந்தாகிய ஆர்ட்டெமிசினினுக்குரிய மூலப்பொருளை, செடியின் மரபணுக்கள் ஏற்றப்பட்ட ஈஸ்ட்டே தருகின்றது, 2013இல் அது தொழிற்சாலைக்கும் வந்தது. ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது அமெரிக்கர் செயற்கை இரப்பரைப் பேரளவில் செய்யத் தொடங்கினர். போர் முடிந்து தோட்டங்கள் மீண்டபோது அப்போட்டி சந்தையில் நிலைத்துவிட்டிருந்தது. அப்போது வேதியியல், இனி வருவது நுண்ணுயிரியாகவும் இருக்கலாம். அந்நாளில் பால்மரத்தின் ஏடு எவர் கையில் இருக்கும் என்பதனை மாணவர் இன்றே வினவட்டும்.