அமைப்பா, ஆளா? பியர் விநியோக விளையாட்டு மெய்ப்பிப்பது எதை?

மேலாண்மைக் கல்வியில் மிகப் பரவலாக ஆடப்படும் பாவனை விளையாட்டுகளுள் ஒன்று பியர் விநியோக விளையாட்டு. எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டரின் அமைப்பியக்கவியல் குழு 1960களில் அதை வகுத்தது. ஆட்டம் முடிந்ததும் ஆசிரியர் சொல்லும் பாடம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை: குழப்பத்துக்குக் காரணம் ஆட்கள் அல்லர், அமைப்பே. ஃபாரெஸ்டரின் கோட்பாட்டுக்கு அடித்தளமான இந்தக் கூற்றை அந்த விளையாட்டு மெய்ப்பிப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அது மெய்ப்பிப்பது வேறொன்றை. அந்த வேறொன்று இன்னும் கவனிக்கத்தக்கது என்றே கருதுகிறேன்.

விதிகள் எளியவை. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர். ஒவ்வொருவர் கையிலும் தொடக்கத்தில் 12 பெட்டி இருப்பு. ஒரு பெட்டியை ஒரு வாரம் வைத்திருந்தால் அரை டாலர் செலவு. கேட்ட பெட்டியைக் கொடுக்க முடியாமல் நிலுவை வைத்தால் ஒரு டாலர். ஆர்டர் மேலே போய்ச் சேரவும் சரக்கு கீழே இறங்கி வரவும் ஏறத்தாழ 4 வாரம் ஆகும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. வாடிக்கையாளரின் தேவை முதல் 4 வாரம் வாரத்துக்கு 4 பெட்டி. 5ஆம் வாரம் 8 ஆகி, கடைசிவரை அப்படியே நிற்கிறது. இந்த ஒரே மாற்றம் சில்லறை வியாபாரியைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது.

விளைவு எல்லா வகுப்பிலும் ஒரே சாயலில் வருகிறது. ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர் கேட்டது 8 பெட்டிதான் என்றாலும் ஆலையின் உச்ச ஆர்டர் சராசரியாக 32ஐத் தொட்டது. முதலில் கடும் தட்டுப்பாடு, பிறகு கிடங்கு கொள்ளாத தேக்கம். தேவை எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொன்னால், ஆடியவர்களில் பெரும்பாலோர் மேலும் கீழும் அலையும் கோடு ஒன்றையே வரைகிறார்கள். தாமே எழுப்பிய அலையை வெளியிலிருந்து வந்ததாக நம்புகிறார்கள். கல்விக் கருவி என்ற வகையில் இந்தத் தருணத்தின் வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விரிவுரையால் இதைச் செய்ய முடியாது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. ஆடியவர்களின் செலவு, ஒப்பீட்டு அளவைப்போல ஏறத்தாழ 10 மடங்கு. அந்த ஒப்பீட்டு அளவு எங்கிருந்து வந்தது? அதே பலகை, அதே தாமதம், அதே தேவை. செம்மையாக அமைத்த ஓர் ஆர்டர் விதியைக் கணினியில் ஓட்டிப் பெற்றது அது. அமைப்பில் ஒன்றும் மாறவில்லை; செலவு மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. மனிதர்கள் தவறும் இடத்தையும் ஸ்டெர்மன் காட்டினார்: ஆர்டர் கொடுத்து இன்னும் வந்து சேராத சரக்கை அவர்கள் போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை. வழியில் இருப்பதை மறந்து மறுபடியும் மறுபடியும் கேட்கிறார்கள். ஆக, அலைக்கு அமைப்பு தேவையான நிபந்தனை. அதுவே போதுமான நிபந்தனை அன்று. வகுப்பறைப் பாடம் இந்த இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறது. ஆட்களைக் குறை சொல்லாதீர்கள் என்பது அறநிலையில் நல்ல அறிவுரைதான். ஆனால் அதைக் காரண விளக்கமாக எடுத்துக்கொண்டால் பிழை.

ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் 1997இல் முன்வைத்த போட்டி விளக்கம் சிக்கலை இன்னும் ஆழப்படுத்துகிறது. விநியோகச் சங்கிலியில் ஆர்டர்கள் மேலே போகப் போகப் பெருகுவதற்கு அவர்கள் 4 காரணங்கள் கூறினர்: அண்மை விற்பனையை வைத்துத் தேவையைத் திருத்தி மதிப்பிடுதல், ஆர்டர்களை மொத்தமாகச் சேர்த்து அனுப்புதல், விலை ஏற்ற இறக்கம், தட்டுப்பாட்டில் பங்கு குறையுமென்று அஞ்சிக் கூடுதலாகக் கேட்டல். நான்கிலும் எவரும் அறிவுக்குறைவாக நடப்பதில்லை. அவரவர் நிலையில் சரியாகக் கணக்கிட்டே செயல்படுகிறார்கள். விளையாட்டின் விதிகளோடு இதை வைத்துப் பாருங்கள். விலையே கிடையாது. எத்தனை சிறிய ஆர்டருக்கும் தனிச் செலவு இல்லை. ஆலையின் உற்பத்திக்கு வரம்பில்லை. ஒரே சில்லறை வியாபாரி என்பதால் பங்குக்குப் போட்டியிட ஆளும் இல்லை. நான்கில் மூன்று காரணங்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே வெளியேற்றப்பட்டுவிட்டன. பரிசோதனைக்கு இது குறையில்லை. மற்றவற்றை விலக்கி ஒன்றை மட்டும் பார்ப்பதுதான் பரிசோதனை. அந்த வழியில் குரோசனும் டொனஹூவும் 2006இல் எஞ்சிய காரணத்தின் பிடியையும் தளர்த்தினர்: தேவையின் பரவலை எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஆடவைத்தபோதும் அலை எழுந்தது. ஆய்வகத்தில் இந்த விளையாட்டு உண்மையுள்ள கருவி. வகுப்பறையிலோ, எவை விலக்கப்பட்டன என்று மாணவருக்குச் சொல்வதில்லை. தாம் கண்டதே விநியோகச் சங்கிலியின் முழு உண்மை என்று அவர்கள் எடுத்துச் செல்கிறார்கள்.

நேரெதிரான குறை எலிசபெத் மேகியின் நிலவுடைமையாளர் விளையாட்டில் உண்டு. ஹென்றி ஜார்ஜின் நிலவாடகைக் கோட்பாட்டைப் பரப்ப உருவாகி 1904இல் காப்புரிமை பெற்ற அதிலிருந்துதான் மோனோபோலி பிறந்தது. சமூகம் வளர வளர நிலவாடகை உயர்ந்து கூலியை விழுங்கும் என்பது ஜார்ஜின் கருத்து. மேகியின் பலகையில் வாடகை அச்சிட்ட எண். ஒரு சுற்று முடிந்தால் கிடைக்கும் கூலி மாறாத 100 டாலர். நிலமில்லாதவர் நொடிகிறார் என்ற முடிவு கிடைக்கிறது. அதை உண்டாக்கும் இயக்கம் பலகையில் இல்லை. இருந்தும் மேகி ஒன்றைச் செய்தார், அதற்காக அவரை நான் பெரிதும் மதிக்கிறேன்: வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும் மாற்று விதியையும் வகுத்தார். அதே பலகையை இரு விதமாக ஆடி, விளைவு எதனால் மாறுகிறது என்று ஆடுபவர்களே பார்க்கலாம்.

பியர் விளையாட்டின் வழக்கமான வகுப்பில் இல்லாமல் போனது இந்த இரண்டாம் ஆட்டம்தான். அதற்குப் பெரிய செலவும் ஆகாது. ஒரு மேசையில் நால்வருக்கும், வழியில் உள்ள சரக்கின் மொத்தத்தை வாராவாரம் எழுதிவைக்க ஒரு கட்டம் கொடுக்கலாம். இன்னொரு மேசையில் ஆலைக்கு உற்பத்தி வரம்பு வைத்து, இரண்டு சில்லறை வியாபாரிகளை அமர்த்தலாம். முதல் மேசையில் அலை தணிந்தால், அமைப்பே காரணம் என்ற வாக்கியத்தை ஆசிரியர் மாணவர் முன்னிலையிலேயே திருத்த வேண்டியிருக்கும். தணியாவிட்டால், கவனக்குறைவே காரணம் என்று இங்கே நான் சார்ந்து நிற்கும் விளக்கம் திருத்தப்பட வேண்டும்.