போர்தோ சிவப்பு ஒயின்கள்

பிரான்சின் தென்மேற்கில் கரோன், தோர்தோன் ஆறுகள் கூடி, ஜிரோந்து கழிமுகமாக விரிந்து அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கின்றன. இவ்வாறுகளின் கரைகளில் விளையும் கருந்திராட்சையிலிருந்து உருவாகும் ஒயின்கள் போர்தோ சிவப்பு ஒயின்கள். பெரும்பாலும் இவை ஒரே ரகத்தில் செய்யப்படுவதில்லை. தனித்தனியாக நொதித்த இரண்டு மூன்று ரகங்களைக் கலந்தே உருவாக்கப்படுகின்றன.

இந்தக் கலப்புக்கு வித்திட்டதில் வானிலைக்குப் பெரும் பங்குண்டு. கடல் பக்கத்தில் இருப்பதால் குளிர் மிதமானது. லாந்த் பைன் காடு மேற்குக் காற்றின் வேகத்தைத் தணிக்கிறது. ஆனால் மழையை நம்ப முடியாது. பூக்கும் பருவத்தில் பெய்தால் மெர்லோ ரகம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். அறுவடையை ஒட்டிப் பெய்தால், பிந்திப் பழுக்கும் கபர்னே சோவிஞோன் அடிபடும். இரண்டையும் நட்டவருக்கு ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். உறைபனி வேறு வகை ஆபத்து. 1956 பிப்ரவரிக் கடுங்குளிரில் ஏராளமான கொடிகள் வேரோடு பட்டுப்போயின.

எந்த ரகம் எங்கே என்பதை மண் முடிவு செய்கிறது. ஜிரோந்தின் இடக்கரையில் உள்ள மெதோக்கின் சிறந்த தோட்டங்களில் காலடியில் கிடப்பது மண்ணைவிடக் கூழாங்கல்லே அதிகம். மழைநீர் தேங்காமல் வடியும். பகலில் சூடேறிய கற்கள் இரவிலும் கொடிக்கு வெப்பம் தரும். சிறு மணியும் தடித்த தோலும் கொண்ட கபர்னே சோவிஞோன் முழுதாகப் பழுக்க இந்த வெப்பம் வேண்டும். அதன் துவர்ப்பு இளம் ஒயினில் நாக்கைப் பிடிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இளகும். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் மெதோக்கின் சதுப்புநிலங்களை வடித்த பிறகே இங்கே திராட்சை பெரிய அளவில் பரவியது.

தோர்தோனின் வலக்கரையில் உள்ள சாந்தேமிலியோன், பொமரோல் பகுதிகளில் களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும் மிகுதி. குளிர்ந்த, ஈரம் காக்கும் இந்நிலத்தில் முந்திப் பழுக்கும் மெர்லோ செழிக்கிறது. ஒயின் மென்மையாக இருக்கும். புகழ்பெற்ற பெத்ருஸ் தோட்டம் களிமண் மேட்டில்தான் அமைந்துள்ளது. அங்கிருந்து சிறு தொலைவில் சரளை கலந்த ஷெவால் பிளாங் தோட்டத்திலோ கபர்னே பிராங்க் ரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மண்ணின் சுவையே ஒயினில் இறங்குவதாகச் சொல்வது அழகான பேச்சு. ஆனால் சரியான விளக்கம் நீரில் இருக்கிறது. போர்தோ ஆய்வாளர் ஜெரார் செகேன் காட்டியபடி, கொடிக்குத் தண்ணீர் அளவாகவும் சீராகவும் கிடைப்பதே முக்கியம். கோடையில் சற்றே தாகப்படும் கொடி, தழைப்பதை நிறுத்திப் பழத்துக்குச் சத்தைத் திருப்புகிறது.

புவி வெப்பமடைவதால் மெர்லோ இப்போது விரைந்து பழுத்து, சர்க்கரையும் அதனால் ஆல்கஹாலும் கூடுகின்றன. எனவே போர்ச்சுகலின் தூரிகா நாசியோனால் உட்பட 4 புதிய சிவப்பு ஒயின் ரகங்களுக்கு 2021இல் அனுமதி கிடைத்தது. தோட்டப் பரப்பில் 5 சதவீதத்தையும் கலப்பில் 10 சதவீதத்தையும் இவை தாண்டக் கூடாது.