மினுக்கும் விளக்குகளின் கதை: டெலிபோன் போர்டு முதல் நெட்வொர்க் சுவிட்ச் வரை

கோவை விளாங்குறிச்சி டைடல் பார்க் 2010-ல் செயல்படத் தொடங்கியது. இதுபோன்ற ஐ.டி. கட்டடங்களின் சர்வர் அறைகளில், இரும்பு ரேக்குகளில் அடுக்கிய பெட்டிகளில் குட்டிக் குட்டிப் பச்சை விளக்குகள் ஓயாமல் மினுக்கிக்கொண்டிருக்கும். அவைதான் நெட்வொர்க் சுவிட்சுகள். அந்த விளக்குக்கு நூறு வருடத்துக்கும் மேலான பூர்வீகம் உண்டு என்றால் நம்புவீர்களா?

ஆபரேட்டர் காலம்

இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் 1882-ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டன. சந்தாதாரர் கைப்பிடியைச் சுற்றினால், ஆபரேட்டர் முன்னால் உள்ள போர்டில் ஒரு சின்ன மூடி 'டக்' என்று விழும். பின்னாளில் மூடி போய் விளக்கு வந்தது. ரிசீவரை எடுத்தால் விளக்கு எரியும். ஆபரேட்டர் ஒயரைச் சொருகி இணைப்பார். பேசி முடித்து ரிசீவரை வைத்தால் இன்னொரு விளக்கு எரியும், ஒயரைப் பிடுங்குவார்.

வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் செய்து காத்திருக்க வேண்டும். பம்பாய்க்குப் பேச நினைக்கும் கோவைப் பஞ்சு வியாபாரிக்கு அவசரம் என்றால் 'அர்ஜென்ட்', தலைபோகிற அவசரம் என்றால் 'லைட்னிங்'. அவசரத்துக்கேற்பக் கட்டணமும் கூடும்! அன்றைய விளக்கு சொன்னது ஒரே விஷயம்தான்: "ஒரு மனிதர் காத்திருக்கிறார்."

ஆபரேட்டர் போனார்

அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்த ஸ்ட்ரோஜர், தானாக இணைக்கும் எந்திரத்துக்கு 1891-ல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14-ல் சிம்லாவில் வந்தது. 1960-ல் லக்னோ - கான்பூர் இடையே எஸ்.டி.டி. தொடங்கியது. ஆபரேட்டரின் வேலை எந்திரத்துக்குப் போனது. கூடவே விளக்கின் வேலையும் மாறியது. இப்போது அது எந்திரத்தின் கோளாறைச் சொல்ல ஆரம்பித்தது. ஆனால் விளக்கே ஃபியூஸ் ஆனால்? இழை இல்லாத எல்.இ.டி. விளக்கு இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்தது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962-ல் உருவாக்கியவர் நிக் ஹோலன்யாக்.

கோவையிலிருந்து வாளையார் தாண்டினால் வரும் கஞ்சிக்கோட்டில் 1976-ல் ஐ.டி.ஐ. நிறுவனத்தின் பாலக்காடு தொழிற்சாலை அமைந்தது. எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் கருவிகள் அங்கே தயாராயின. 1984-ல் தொடங்கிய சி-டாட், கிராமங்களுக்கென்று ஒரு சிறிய எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. முதலாவது 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. ஏ.சி. இல்லாமலே வெயிலையும் புழுதியையும் தாங்கியதுதான் அதன் பெருமை.

கம்ப்யூட்டர்களுக்கான எக்ஸ்சேஞ்ச்

1990-ல் 'கல்பனா' என்ற இந்தியப் பெயர் கொண்ட அமெரிக்க நிறுவனம் முதல் ஈத்தர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மொத்தம் 7 போர்ட்டுகள். 1994-ல் அந்த நிறுவனத்தை சிஸ்கோ வாங்கிவிட்டது.

இன்றைய சுவிட்சைப் பிரித்துப் பார்த்தால் பழைய போர்டு தெரியும். துளைகளின் இடத்தில் போர்ட்டுகள். எந்தத் துளையில் யார் என்ற ஆபரேட்டரின் ஞாபகத்துக்குப் பதில் ஒரு முகவரி அட்டவணை. சொருகும் கைக்குப் பதில் ஒரு சிப். பின்பக்கம் மின்விசிறிகள். பெரிய சுவிட்சுகளில் ஒன்று போனால் இன்னொன்று தாங்க இரண்டு பவர் சப்ளைகள்.

விளக்கின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் பொதுவாகப் பச்சை என்றால் இணைப்பு சரி. மினுக்கினால் தகவல் ஓடுகிறது. ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் கவனி! பல சுவிட்சுகளில் நீல விளக்கும் உண்டு. தூரத்தில் இருப்பவர் அதை எரியவிட்டு "இந்தப் பெட்டிதான்" என்று அடையாளம் காட்டலாம்.

கோளாறு வந்தால் செய்தி தானாகவே கம்ப்யூட்டர் திரைக்குப் போய்விடும். பிறகு விளக்கு எதற்கு? கெட்டுப்போன பவர் சப்ளையைக் கழற்றக் கடைசியில் ஒரு ஆள் ரேக் முன்னால் நின்றே ஆகவேண்டும். ஒன்று ஏற்கெனவே செத்துவிட்டது. விளக்கைப் பார்க்காமல் நன்றாக ஓடும் மற்றொன்றைப் பிடுங்கினால், அதை நம்பியிருக்கும் அத்தனை இணைப்புகளும் ஒரே நொடியில் அவுட்!

அன்று மனிதர் காத்திருப்பதை எந்திரம் மனிதருக்குச் சொன்னது. இன்று தனக்கு உடம்பு சரியில்லை என்று எந்திரமே சொல்கிறது. இரண்டுக்கும் பார்க்கிற கண் ஒன்று வேண்டும்.