ஊரில் ஒரு பேரேடு, ரங்கூனில் ஒரு பேரேடு

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பர்மாத் தேக்கிலும் இத்தாலியப் பளிங்கிலும் போய் நின்றுவிடுகிறோம். அவ்வீடுகளைக் கட்டிய முதலாளிகளைப் பற்றியும் ஓரளவு எழுதியாயிற்று. அவர்களிடம் சம்பளத்துக்கு இருந்து, கடல் கடந்து கணக்கு எழுதியவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் எழுதவில்லை. இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு மனிதன் கணக்கையே பிழைப்பாக்கிக்கொள்வது எப்படி என்பதற்கு, நம்மிடம் அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி ஆற்றுப் படுகையின் அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. காடழித்து வயலாக்க விவசாயிக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆங்கில வங்கிகளோ அவன் வாசலுக்கு வரத் தயாராக இல்லை. அந்த இடைவெளியில் நகரத்தார் போய் அமர்ந்தனர். 1929-30-இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவற்றில் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் புழங்கியதாகவும் மதிப்பிட்டது. இத்தனை கடைகளிலும் முதலாளியே உட்கார்ந்திருக்க முடியாது. பெரும்பாலானவற்றை ஏஜண்டுகளே நடத்தினர்.

ஏஜண்டாவது எளிதன்று. பையன் ஊரிலேயே எண்சுவடியை மனப்பாடம் செய்துவிடுவான். அரைக்கால் எட்டிலொன்று, மா இருபதிலொன்று, காணி எண்பதிலொன்று, முந்திரி முந்நூற்றிருபதிலொன்று. காகிதமும் பேனாவும் இன்றி வட்டியை நாவில் கூட்டும் பயிற்சி அது. இன்று பின்னக் கணக்கென்றாலே அஞ்சும் நமக்கு அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன்கள்மேல் சற்றுப் பொறாமையாகவும் இருக்கிறது. பிறகு கடையில் பெட்டியடிப் பையன்: பணப்பெட்டியின் அருகே அமர்ந்து எடுபிடி வேலை செய்தபடி பெரியவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அடுத்த படி அடுத்தாள். அதற்கும் மேலே மேலாள் அல்லது ஏஜண்டு. ஒவ்வொரு படியும் எழுத்தால்தான் ஏறப்பட்டது. அன்றாட வரவு செலவு சிட்டையில் விழும், சிட்டையிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏறும், தவணை முடிவில் எல்லாம் ஐந்தொகையில் வந்து நிற்கும். பற்றும் வரவும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இந்த முறை ஐரோப்பாவிடம் கற்றதன்று.

தவணை என்பது பொதுவாக மூன்று ஆண்டு. புறப்படும் முன்பே சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கைக்கு வரும். அது பெரும்பாலும் வீட்டில் தங்காமல் உறவினர் கடை ஒன்றில் வட்டிக்குப் போய்ச் சேரும். லாபம் கண்டால் அதிலும் ஒரு பங்கு உண்டு. மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பர். ரங்கூனில் கிட்டங்கி ஒன்றின் நீண்ட கூடத்தில் தனக்குரிய பெட்டியும் பாயுமே ஏஜண்டின் அலுவலகம். பக்கத்துப் பெட்டி வேறொரு விலாசத்துக்காரருடையது. கணக்கின் நகல் அவ்வப்போது ஊருக்குப் போகும். தவணை முடியும் தறுவாயில் அடுத்தவர் முன்னதாகவே வந்து, பாக்கிதாரர்களைப் பார்த்து, பேரேட்டை வரிவரியாகச் சரிபார்த்துப் பொறுப்பேற்பார். நடப்பு வட்டியை முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடித் தீர்மானித்தனர். சாமி சந்நிதியில் வட்டி நிர்ணயமா என்று முகம் சுளிப்போர், தனித்தனியே பேரம் பேசியிருந்தால் என்னவாகியிருக்கும் என்றும் யோசிக்கலாம்.

இப்படிச் சில தவணை போய்வந்தவர் சேமிப்பைக் கொண்டு தாமே ஒரு விலாசம் போடுவதும் உண்டு. பெட்டியடியில் தொடங்கியவர் முதலாளியாவது இந்த ஏற்பாட்டின் பெருமை. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தை நாம் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பேரேடு தமிழில் இருந்தது. அதில் பெயர் ஏறிய பர்மிய விவசாயிக்கு அதைப் படிக்க வழியில்லை. நகரத்தாருக்குள் இம்மி பிசகாத கணக்கு, கடன் வாங்கியவனுக்கு வெறும் மை.

1930-இல் நெல் விலை சரிந்தபோது இது வெளிப்பட்டது. விவசாயியால் வட்டியே கட்ட இயலவில்லை. கடன் கொடுத்தவர் விரும்பியது பணத்தை. கைக்கு வந்ததோ வயல். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல் 1930-இல் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1930களின் இறுதிக்குள் நூற்றுக்கு 25 ஆயிற்று. ஐந்தொகையில் சொத்துப் பக்கம் பெருத்திருந்தது. கையிலோ ரொக்கம் இல்லை. நிலத்தை இழந்த மக்களின் கோபத்தைப் பதிய எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். அதற்கு முன்னும் பின்னும் இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினர், பலர் அரக்கான், மணிப்பூர் மலைவழியே நடந்து. போர் முடிந்து திரும்பிப் போனவர்களை 1948-இன் நில தேசியமயச் சட்டம் எதிர்கொண்டது. 1963-இல் வங்கிகளும் அரசுடைமையாயின.

மலாயாவிலும் சுமத்ராவிலும் இதே பெட்டியடியும் அடுத்தாளும் இருந்தனர். வட்டிக்கடை வைத்தோர் அங்கே நகரத்தார் மட்டுமல்லர். அந்தக் கூடத்தின் வாசனையை அறிய நாம் வரலாற்று நூல்களைவிட ப. சிங்காரத்திடம்தான் போகவேண்டும். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938-இல் மேடானுக்குக் கடை வேலைக்குச் சென்றவர் அவர். பினாங்கில் நிகழும் ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் செல்லையா வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். போர்க்காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடித்துவிட்டுத் திரும்புகிறான். அவனுடைய வீரத்தில் முதலாளி வயிரமுத்துப் பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை. பட்டாளத்தில் இருந்து பழகியவன் இனிப் பெட்டியடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து வட்டி பார்ப்பானா என்பதுதான் அவருக்குக் கவலை. மகள் மரகதத்தை அவனுக்குக் கொடுக்க மறுத்துவிடுகிறார்.