ஒரு பெயர், இரு வடிவம்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பந்தலூர் வட்டத்தில் அமைந்த மலையூர் நெல்லியாளம். வயநாட்டை அடுத்த இப்பகுதியில் தமிழும் மலையாளமும் அக்கம்பக்கமாக வழங்குகின்றன. 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்க 1968 இல் அரசு தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. 1976 இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அதன் தோட்டங்கள் இம்மலைகளிலும் பரந்துள்ளன. ஆகவே நெல்லியாளத்தார் ஒருவர் தம் கடைக்கு இணையத்தில் தமிழ் முகவரி பெற விரும்பினால், அதன் முடிவில் ‘.இந்தியா’ என்று அமையலாம். மலையகத்தில் வாழும் அவருடைய உறவினர் முகவரி ‘.இலங்கை’ என்று முடியலாம். இன்று இது எளிய செய்தியாகத் தோன்றும். இந்நிலை எய்த உலகம் நடந்த வழியோ நெடியது.

இணைய முகவரி முறை 1983 இல் வகுக்கப்பட்டபோது ஆங்கில எழுத்து 26, எண் 10, சிறுகோடு 1 ஆகிய 37 குறிகளுக்கே அதில் இடமிருந்தது. தமிழரும் அரபியரும் சீனரும் தத்தம் பெயரை அயலெழுத்தில் எழுதியே அவ்வாயிலில் நுழைய வேண்டியிருந்தது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகத்தில், டான் டின் வீ என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் 1998 வாக்கில் இத்தடையைக் கடக்கும் முறையைச் செய்து காட்டினர். 2003 இல் உலகப் பொதுவிதி பிறந்தது. தாய்மொழியில் நாம் எழுதும் பெயரைக் கணினி தனக்குள் ஆங்கில எழுத்துத் தொடராக மாற்றிக்கொள்ளும். கண்ணுக்குத் தாய்மொழி, கருவிக்குப் பழைய குறிகள் என்பதே அவ்விதியின் சாரம். எனினும் முகவரியின் இறுதிப் பகுதி ஆங்கிலத்திலேயே நின்றது. 2010 மே மாதத்தில் அத்தடையும் தகர்ந்தது. முதன்முதல் உள்ளே வந்தவை எகிப்து, சவூதி அரேபியா, அமீரகம் ஆகிய நாடுகளின் அரபுப் பெயர்கள் என்பது நம் வாசகர்க்கு மகிழ்வூட்டும். ‘.இலங்கை’ அவ்வாண்டிலேயே வந்தது, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ ஆகியன 2011 இல் வந்தன.

கதவு திறந்ததும் புதியதொரு வினா எழுந்தது. ஒரே பெயர் இரண்டு வடிவில் எழுதப்படுமாயின் அது ஒரு பெயரா, இரண்டா? இவ்வினாவை முதலில் எதிர்கொண்டோர் சீனரும் சப்பானியரும் ஆவர். சப்பான் 1946 க்குப் பின்னும், சீனம் 1956 முதலும் தத்தம் எழுத்துகளை எளிமையாக்கின. தைவானும் ஆங்காங்கும் பழைய வடிவையே போற்றின. ‘நாடு’ எனப் பொருள்படும் எழுத்து பழைய வடிவில் 11 கீற்றுகளும் புதிய வடிவில் 8 கீற்றுகளும் உடையது. ‘டிராகன்’ என்னும் எழுத்துக்கோ மூன்று வடிவங்கள்: பழையது 16 கீற்று, சப்பானியருடையது 10, சீனரின் புதியது 5. கணினி இவற்றை வெவ்வேறு எழுத்துகளாகவே எண்ணும். ஒரு வணிகர் தம் பெயரைப் புதிய வடிவில் பதிவுசெய்ய, வேறொருவர் அதையே பழைய வடிவில் பதிவுசெய்துகொண்டால் வாடிக்கையாளர் எங்குப் போய்ச் சேர்வார்?

சீனம், தைவான், சப்பான், கொரியா ஆகியவற்றின் பதிவகங்கள் கூடி ஆய்ந்து 2004 ஏப்ரலில் ஒரு நெறியை வெளியிட்டன. ஒரு பெயரைப் பதிவுசெய்தால் அதன் மாற்று வடிவங்கள் யாவும் ஒரே கட்டாகக் கொள்ளப்படும். அவற்றுள் சில இயங்கும். எஞ்சியவை பிறர் கொள்ளாதபடி பூட்டி வைக்கப்படும். கட்டு முழுவதும் ஒருவருக்கே உரியது. கைமாறினாலும் நீக்கப்பட்டாலும் சேர்ந்தே செல்லும். 2010 இல் சீன நாட்டின் பெயர் புதிய வடிவிலும் பழைய வடிவிலும் சேர்ந்தே இடம்பெற்றது. சப்பானியரோ வேறு முடிவு கொண்டனர். அவர்களிடையே குடும்பப் பெயரை எந்த வடிவில் எழுதுவது என்பது குடும்பத்தின் அடையாளம். ஆதலால் தம் பதிவகத்தில் ஒவ்வொரு வடிவையும் தனிப் பெயராகவே கொண்டனர். எவை ஒன்று, எவை வேறு என்பதைக் கருவி தீர்மானிக்க இயலாது. அம்மொழியை வழங்கும் மக்களே தீர்மானிக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

தமிழின் நிலை யாது? 1978 இல் தமிழக அரசு ணை, லை, றா, னா முதலான 13 எழுத்துகளின் வடிவைச் சீர்திருத்தியது. யானைத் துதிக்கை போன்ற பழைய ‘லை’யை மூத்தோர் மறந்திரார். சீனருக்கு நேர்ந்த இடர் இதனால் நமக்கு நேரவில்லை. கணினி ‘லை’யை லகரம், ஐகாரக் குறி என இரண்டாகப் பகுத்தே எண்ணுகிறது, பழைய உருவும் புதிய உருவும் அச்செழுத்தின் வேறுபாடேயன்றி வேறில்லை.

நமக்குரிய கண்ணி வேறிடத்தில் உள்ளது. ‘மௌலவி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மகரத்தோடு ஔகாரக் குறியைச் சேர்த்து ‘மௌலவி’ என எழுதுவது முறை. ‘மெ’ என்பதை அடுத்து ளகரத்தைத் தட்டி ‘மெளலவி’ என எழுதுவோரும் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ‘ஸ்ரீ’ என்பதும் இவ்வாறே இருவகைக் குறியீட்டில் அமையக்கூடும். அண்டை மொழியான மலையாளத்தின் ஜகரமும் நம் ஜகரத்தை ஏறத்தாழ ஒத்திருக்கும். அரபு எழுத்திலும் இச்சிக்கல் உண்டு: அரபியரின் ‘யா’வும் ‘காஃப்’பும் சொல்லின் இடையில் பாரசீக, உருது எழுத்துகளைப் போலவே தோன்றினும் கணினியில் வெவ்வேறானவை. அரபு எழுத்தில் புள்ளிகளைக் கூட்டித் தமிழ் ஒலிகளை எழுதிய அரபுத் தமிழ் மரபினராகிய நமக்கு, ஒரு புள்ளி ஓர் எழுத்தையே மாற்றிவிடும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இது வெறும் இலக்கணச் சர்ச்சையன்று. 2002 இல் ஆய்வாளர் இருவர், பெயர்பெற்ற மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் முகவரியில் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக அவற்றையொத்த ரஷ்ய எழுத்துகளைப் பெய்து பதிவுசெய்து, ஏமாற்று எவ்வளவு எளிது என்பதை உலகுக்கு உணர்த்தினர். நம் ஊர் மதரஸா ஒன்று இணையத்தின் வழி ஜகாத்தும் நன்கொடையும் பெறுகிறது எனக் கொள்வோம். அதன் பெயரிலுள்ள ‘மௌ’வை வேறு வகையில் எழுதி ஒருவன் பதிவுசெய்துகொண்டால், அனாதைக் குழந்தையின் உணவுக்கு அனுப்பிய பணம் அவன் பைக்குப் போகும். கொடுத்தவர் கண்ணில் பிழையேதும் தென்படாது.

தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய எழுத்து முறைகளை அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்தது. அதன் பயனாக 2019 இல் வெளிவந்த உலகப் பொதுவிதியின் மூன்றாம் பதிப்பில் தமிழும் இடம்பெற்றது. ஆயினும் அவ்விதி முகவரியின் இறுதிப் பகுதிக்கு மட்டுமே உரியது. அதற்கு முன்வரும் கடை, பள்ளி, ஊர்ப் பெயர்களைக் காப்பது அந்தந்தப் பதிவகத்தின் பொறுப்பு. ஆதலால் நம் ஜமாஅத்துகளும் கல்வி நிலையங்களும் தமிழ் முகவரி பெறும்போது பெயரை முறையான எழுத்தில் தட்டச்சு செய்விக்க வேண்டும். அதே தோற்றமுள்ள மாற்று வடிவம் பூட்டப்படுமா எனக் கேட்டறிய வேண்டும். பூட்டப்படாதெனில் அதையும் தம் பெயரிலேயே பதிவுசெய்ய வேண்டும். வீட்டுப் பத்திரத்தில் பெயரெழுத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கும் நாம், இந்தப் பத்திரத்திலும் அவ்வாறே செய்வோமாக.