இராக்கியக் கொடியும் இரண்டு சொற்களும்

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு மூத்தா களத்தில் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) வீழ்ந்ததும் கொடியை ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) ஏந்தினார்கள். அவர்களும் வீழவே அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஏந்தினார்கள். பின்னர் அது காலித் இப்னு வலீத் (ரலி) கைக்கு வந்தது. ஏந்திய கைகள் மாறினவேயன்றிக் கொடி எவருக்கும் தனியுடைமையாகவில்லை. இதனை நெஞ்சில் இருத்தி, ஒரு நூற்றாண்டுக்குள் பன்முறை உருமாறிய இராக் நாட்டுக் கொடியை நோக்குவோம்.

அரபு நாட்டுக் கொடிகள் பலவற்றில் காணும் நான்கு நிறங்கள், மக்காவின் ஷரீஃப் ஹுஸைன் 1916-இல் உஸ்மானியருக்கு எதிராகத் தொடங்கிய கிளர்ச்சியின் கொடியில் ஒன்றுசேர்ந்தவை. கறுப்பு அப்பாசியரையும், வெள்ளை உமையாக்களையும், பச்சை பாத்திமியரையும், சிவப்பு ஹாஷிமியரையும் குறிக்கும் என்பர். ஆயின் இராக்கின் ஹில்லா நகரில் பிறந்த கவிஞர் ஸஃபிய்யுத்தீன் அல்ஹில்லீ, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்நிறங்களைச் சேர்த்துப் பாடியுள்ளார். அவர் பாட்டில் அவை அரச வமிசங்களையன்றி ஒரு குலத்தாரின் செயல்களையும் போர்களையும் வயல்களையும் வாட்களையும் குறித்தன.

1921-இல் ஷரீஃபின் மைந்தர் ஃபைஸல் இராக்கின் மன்னரானார். முடியாட்சிக் கொடி அந்நான்கு நிறங்களையும் ஏற்றது. 1958-இல் முடியாட்சி வீழ்ந்தது. மறு ஆண்டு அப்துல் கரீம் காஸிம் அரசு அமைத்த கொடியின் நடுவே சிவப்பு விண்மீனும் அதனுள் மஞ்சள் சூரியனும் இடம்பெற்றன. அச்சூரியன் குர்து மக்களுக்கான இடமாகும். 1963-இல் காஸிம் கொல்லப்பட்டபின் அதுவும் அகன்றது. எகிப்து, சிரியாவுடன் இணையும் நம்பிக்கையில் மூன்று பச்சை விண்மீன்கள் பொறிக்கப்பட்டன. இணைப்பு நிறைவேறவில்லை, விண்மீன்கள் நின்றுவிட்டன. பிற்காலத்தில் அவற்றுக்கு பஅஸ் கட்சியின் முழக்கமே பொருளாக்கப்பட்டது.

1991 ஜனவரியில், வளைகுடாப் போர் மூண்ட வேளையில், சதாம் ஹுஸைன் அவ்விண்மீன்களுக்கிடையே 'அல்லாஹு அக்பர்' என்று பொறிக்கச் செய்தார். அவ்வெழுத்து அவருடைய கையெழுத்தே என்று பரவலாகக் கூறப்பட்டது. இறைவனே மிகப் பெரியவன் என்னும் சொல் ஓர் ஆட்சியாளரின் அடையாளமாகவும் ஆகிவிட்ட முரணை என்னென்பது! 1988-இல் ஹலப்ஜாவில் நச்சுவாயுவுக்கு உற்றாரைப் பறிகொடுத்த குர்துகள் அக்கொடியை எக்கண்ணால் கண்டிருப்பர்?

சதாம் வீழ்ந்தபின், 2004 ஏப்ரலில் ஆட்சிக்குழு வெள்ளையும் நீலமும் கொண்ட புதுக்கொடியை அறிவித்தது. அது இஸ்ரேலியக் கொடியை ஒத்திருப்பதாக எதிர்ப்பு எழவே கைவிடப்பட்டது. அவ்வாண்டே பழைய கொடியில் கையெழுத்து நீங்கி, கூஃபீ எழுத்து இடம்பெற்றது. 2008-இல் நாடாளுமன்றம் விண்மீன்களையும் நீக்கியது. அதுவரை பழைய கொடியை ஏற்ற மறுத்த குர்துப் பகுதியும் இதனை ஏற்றியது. தற்காலிக ஏற்பாடாக வந்த அக்கொடியே இன்றும் பறக்கிறது.

வகுப்பில் எழுத்து வகைகளைக் கற்பிக்கையில் இவ்விரு கொடிகளையும் நாம் அருகருகே வைத்துக் காட்டுவதுண்டு. சொற்கள் இரண்டும் அவையே, எழுத்தே மாறியது. கூஃபீ எழுத்து இராக்கின் கூஃபா நகரால் பெயர்பெற்றது. அது தனியொருவர் கையெழுத்தன்று. கொடியில் இறைவன் பெயரை எழுதுவது எளிது. எழுதியவன் தன்னை அதிலிருந்து அகற்றிக்கொள்வதே அரிது. அவர் தாமே செய்யாததைக் காலம் செய்து முடித்தது. தக்பீரின் பொருளும் அதுவேயன்றோ?