மாதக் கணக்கும் நிறைக் கோடும்: யாழ்ப்பாணத்துத் தாய்சேய் நல வரலாற்றில் ஒரு பகுதி

கருவுற்ற பெண்ணின் மாதங்களை எண்ணிவரும் வழக்கு யாழ்ப்பாணத்திற் புதிதன்று. அக்கணக்கு வீட்டு மூதாட்டியின் நினைவில் இருந்தது. பிறந்த பிள்ளையின் வளர்ச்சியும் நிறையால் அன்றி, கவிழ்தல், தவழ்தல், பல் முளைத்தல் என்னும் படிகளாலேயே அறியப்பட்டது. பல் முளைத்தல் பல்லுக்கொழுக்கட்டை என்னும் சடங்காகவே நிலைபெற்றுவிட்டது. ஏட்டு மரபும் இதிற் பின்தங்கியதன்று. யாழ்ப்பாணத்தரசர் பெயரால் வழங்கும் பரராசசேகரம் என்னும் வைத்திய நூல் கெர்ப்பரோகத்தையும் பாலரோகத்தையும் தனித்தனியே விரித்துரைக்கின்றது. எனினும், அந்நூலைக் கற்றவர் பெரும்பாலும் ஆண்களே. பேறு பார்த்த மருத்துவச்சியோ ஏடறியாதவள்.

இப்பிளவு மேலை மருத்துவம் வந்த பின்னரும் உடனே நீங்கவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞருக்கு மருத்துவம் கற்பித்தார். டப்ளின் மருத்துவர் மவுன்செல் இயற்றிய மகப்பேற்று நூல் 1857இல் 'பிரசவ வைத்தியம்' எனத் தமிழில் வெளிவந்தது கிறீனின் முயற்சியாலேயே. கருவின் இதய ஒலியைத் தாயின் வயிற்றிற் செவிவைத்துக் கேட்கலாம் என்பதைக் கெர்கராதெக் என்பார் பாரிசில் அறிவித்தது 1821இல். அதற்குப்பின் நான்கு பத்தாண்டு முடியுமுன்னரே மகப்பேற்றியலைத் தமிழிற் படிக்கும் வாய்ப்பு யாழ்ப்பாணத்தாருக்குக் கிட்டிற்று. இது சிறிய செயலன்று. ஆனால் கிறீனின் மாணாக்கர் அனைவரும் ஆடவர். பேற்றறையினுள் நுழைவதற்கு வழக்கம் அவர்களுக்கு இடந்தரவில்லை. நுழையும் உரிமையுடைய மருத்துவச்சிக்கோ அந்நூல் எட்டவில்லை. மொழித்தடையை நீக்கிய கிறீனால் இத்தடையை நீக்க இயலவில்லை என்றே கூறல் வேண்டும்.

1898இல் இணுவிலிற் பெண்களுக்கென மக்லியொட் மருத்துவமனை தோன்றியமை இதனாலேயே முதன்மை பெறுகின்றது. இசபெல்லா கர் முதலிய பெண் மருத்துவர் அங்குப் பணியாற்றினர். தாதியரும் மருத்துவமாதரும் அங்குப் பயின்றனர். பேற்றறையும் நூலறிவும் பெண்களின் கையில் ஒன்றுசேர்ந்தன.

எனினும் மருத்துவமனை, தன்னிடம் வருபவரையே காணும். வீடு தேடிச் செல்லும் முறை, 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்ததனோடு தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. குறித்த பகுதிக்கு ஒரு மருத்துவமாது. அவளிடம் கருவுற்றோரின் பதிவேடு. இரத்த அழுத்தம், சிறுநீர், கருப்பையின் உயரம் ஆகியவற்றின் குறிப்பு. 1930களில் இலங்கையில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாயர் இறந்தனர். இந்நூற்றாண்டில் அத்தொகை ஏறத்தாழ 30 முதல் 40 வரை தாழ்ந்துள்ளது. மலேரியா ஒழிப்பும் பெண்கல்வியும் இதிற் பங்குடையன.

பிள்ளையின் நிறையை மாதந்தோறும் கோடாக வரையும் அட்டை, டேவிட் மோர்லி நைஜீரியக் கிராமமொன்றில் நடத்திய ஆய்வாற் பெயர்பெற்றது. அவ்வட்டையைத் தாயே வைத்திருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. நிலையத்துப் பதிவேடு இடத்தோடு கட்டுண்டது. அட்டையோ தாயோடு செல்வது. இவ்வேறுபாடு பிற நாட்டார்க்கு நிருவாகச் செய்தியாய்த் தோன்றலாம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே செம்மணி வழியாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, கருவுற்றவளுக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் உடன்வரக்கூடிய மருத்துவ வரலாறு துணிப்பையில் அடங்கிய அவ்வட்டை ஒன்றே.